கருத்துக் கட்டுரை: மாணவர்கள் தடுமாறும் இடம் எது?

கருத்துக் கட்டுரை எழுதச் சொன்னால் பெரும்பாலான மாணவர்கள் தகவல் கட்டுரையையே எழுதித் தருகிறார்கள். ‘பள்ளிகளில் கைப்பேசி’ என்று தலைப்புக் கொடுத்தால், கைப்பேசியின் வரலாறு, அதன் நன்மைகள், அதன் தீமைகள் என வரிசையாகப் பத்திகள் வரும். கடைசியில் ‘எனவே கைப்பேசியை அளவோடு பயன்படுத்துவோம்’ என்று கட்டுரை முடியும். கையெழுத்து அழகாக இருக்கும், பிழைகள் குறைவாக இருக்கும், முன்னுரையும் முடிவுரையும் அவற்றுக்குரிய இடங்களில் இருக்கும். எழுதியவர் என்ன நினைக்கிறார் என்பது மட்டும் எங்கும் இருக்காது. பல ஆண்டுகளாக மொழி வகுப்புகளில் எழுத்துப் பயிற்சி அளித்துவரும் எனக்கு, இதை மாணவர்களின் சோம்பலாகவோ மொழித்திறன் குறைவாகவோ பார்க்க முடியவில்லை. கட்டுரையின் வடிவத்தைக் கற்பிப்பதற்கு நாம் நிறைய நேரம் ஒதுக்குகிறோம். ஒரு நிலைப்பாட்டை எப்படி அடைவது, அடைந்த பின் அதை எப்படித் தாங்கிப் பிடிப்பது என்பதற்கு ஏறத்தாழ ஒதுக்குவதே இல்லை.

தலைப்புக்கும் நிலைப்பாட்டுக்கும் இடையே ஒரு கேள்வி இருந்தாக வேண்டும். ‘பள்ளி தொடங்கும் நேரம்’ என்பது வெறும் தலைப்பு. ‘உயர்நிலை வகுப்புகள் காலையில் இன்னும் தாமதமாகத் தொடங்க வேண்டுமா?’ என்பது கேள்வி. ‘உயர்நிலை வகுப்புகள் காலை 8.30 மணிக்கு முன் தொடங்கக் கூடாது’ என்பது நிலைப்பாடு. தலைப்பை மட்டும் பெற்றுக்கொண்ட மாணவர் அதைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் எழுதத்தான் செய்வார்; கேள்வியைப் பெற்றவர் அதற்குப் பதில் சொல்லத் தொடங்குவார். எனவே தொடக்கத்தில் தலைப்புகளைக் கேள்விகளாக மாற்றிக் கொடுப்பதும், சில வாரங்களுக்குப் பிறகு அந்த மாற்றத்தை மாணவர்களே செய்யுமாறு விடுவதும் நல்ல வழி.

நிலைப்பாடு என்று மாணவர்கள் எழுதிவரும் முதல் வாக்கியங்களில் பாதிக்கு மேல் நிலைப்பாடுகளாக இருப்பதில்லை. ‘மரங்கள் மனிதனுக்குப் பயனுள்ளவை’ என்பதை எவரும் மறுக்கப்போவதில்லை. மறுப்பார் இல்லாத இடத்தில் வாதத்துக்கு வேலை இல்லை. ‘எனக்குக் கணிதத்தைவிட ஓவியம் பிடிக்கும்’ என்பது விருப்பம். அதற்குக் காரணம் கேட்கலாம், ஆனால் அது தவறு என்று வாதாட முடியாது. நியாயமாகச் சிந்திக்கும் ஒருவர் இந்த வாக்கியத்தை மறுக்கக்கூடுமா, மறுத்தால் அவர் என்ன சொல்வார் என்ற ஒரே சோதனையை வகுப்பறையில் வழக்கமாக்கிவிட்டால் போதும். மாணவர்கள் ஒருவரது வாக்கியத்தை மற்றவர் சோதித்துத் தருவார்கள். ஆசிரியர் குறுக்கிட வேண்டிய தேவை விரைவிலேயே குறைந்துவிடும்.

அடுத்தது காரணம். இங்கேதான் பயிற்சியின் பெரும்பகுதி நடக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாணவர்கள் காரணம் சொல்கிறார்கள், சான்றும் காட்டுகிறார்கள். இரண்டையும் நிலைப்பாட்டோடு இணைக்கும் வாக்கியத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள். மேலே சொன்ன பள்ளி நேரத்தையே எடுத்துக்கொள்வோம். ‘13 முதல் 18 வயது வரையுள்ளவர்கள் நாள்தோறும் 8 முதல் 10 மணி நேரம் உறங்க வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்துள்ளது, எனவே பள்ளி தாமதமாகத் தொடங்க வேண்டும்’ என்று ஒரு மாணவர் எழுதுகிறார். சான்று உண்மையானது, பொருத்தமானதும்கூட. ஆனால் ‘அப்படியானால் இரவில் சீக்கிரம் படுத்துக்கொள்ளலாமே, பள்ளி நேரத்தை ஏன் மாற்ற வேண்டும்?’ என்று வாசகர் கேட்டால் அந்தப் பத்தி வாயடைத்துப் போகிறது. பருவமடையும் காலத்தில் உடலின் உறக்கச் சுழற்சியே பின்னால் தள்ளிப்போவதால் இந்த வயதினரில் பலருக்குச் சீக்கிரம் படுத்தாலும் உறக்கம் வருவதில்லை என்ற செய்தியைச் சேர்த்த பிறகுதான், உறக்கத்தை இரவில் முன்கூட்டியே தொடங்க முடியாது, காலையில்தான் நீட்ட முடியும் என்ற முடிவுக்கு வாசகர் வந்து சேர்கிறார். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகம் 2014இல், நடுநிலை, உயர்நிலை வகுப்புகள் காலை 8.30க்கு முன் தொடங்க வேண்டாம் என்று பரிந்துரைத்தபோது முன்வைத்த முக்கியமான காரணங்களுள் இதுவும் ஒன்று.

இந்த இணைப்பு வாக்கியத்தை நம் தருக்க மரபு எப்போதோ கண்டு பெயரிட்டு வைத்திருக்கிறது. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் வாதத்தின் ஐந்து உறுப்புகளைச் சொல்கிறார்: பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். இந்த மலையிலும் புகை இருக்கிறது என்பது உபநயம். புகையுடையது நெருப்புடையது என்பது நிகமனம். மாணவர்களின் வாதங்களில் பக்கமும் ஏதுவும் இருக்கும், திட்டாந்தமும் சில நேரம் இருக்கும். எடுத்துக்காட்டை மீண்டும் தம் பொருளின்மீது கொண்டுவந்து பொருத்தும் உபநயம்தான் இருக்காது. ஆங்கிலேய மெய்யியலாளர் ஸ்டீபன் டூல்மின் 1958இல் வாதத்தின் அமைப்பைப் பகுத்துக் காட்டியபோது, தரவிலிருந்து முடிவுக்குச் செல்ல அனுமதி தரும் பொது விதியைத் தனி உறுப்பாகப் பிரித்து வைத்ததும் இதே இடத்தில் நிகழும் தாவலை வெளிக்கொணர்வதற்கு உதவுகிறது. மாணவர்களுக்கு இந்தப் பெயர்களைக் கற்பிக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு சான்றுக்கும் அடுத்து ‘இதிலிருந்து அது எப்படிப் பெறப்படுகிறது?’ என்ற கேள்வியை ஓரத்தில் பென்சிலால் எழுதி, அதற்கு ஒரு வாக்கியத்தில் விடை எழுதச் செய்தால் போதும்.

சான்று எது என்பதிலும் குழப்பம் உண்டு. ஒரு பழமொழியையோ ஓர் அறிஞரின் வாசகத்தையோ எடுத்துக்காட்டிவிட்டால் வாதம் நிறுவப்பட்டுவிட்டதாக மாணவர்கள் நம்புகிறார்கள். பாராட்டுகளும் அதற்கே அதிகம் கிடைப்பதால் அந்த நம்பிக்கை வலுப்பெறுகிறது. மேற்கோள் கருத்தை அழகாகச் சொல்ல உதவும். அது உண்மை என்பதை நிறுவ உதவாது. சொந்த அனுபவத்தைப் பொறுத்தவரை நான் சற்றுத் தாராளமானவன். பள்ளி வயதில் ஒருவரிடம் இருக்கும் மிகச் சிறந்த தரவு பெரும்பாலும் அவருடைய அனுபவம்தான். அதைத் தடைசெய்துவிட்டு ஆய்வறிக்கைகளைத் தேடச் சொன்னால் கட்டுரை இரவல் குரலில் பேசத் தொடங்கிவிடும். அனுபவம் ஒருவருக்கு நேர்ந்தது, எல்லோருக்கும் அப்படி நேரும் என்பதற்கு அது உறுதி அல்ல என்ற எச்சரிக்கை மட்டும் கூடவே இருக்க வேண்டும். ‘அனைவரும் அறிந்ததே’, ‘சொல்லவே தேவையில்லை’, ‘யாராலும் மறுக்க முடியாது’ போன்ற தொடர்கள் வரும் இடங்களை வட்டமிட்டுக் காட்டச் சொல்வதும் பயனுள்ள பயிற்சி. சான்று கிடைக்காத இடங்களில்தான் அவை வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அவற்றை நீக்கி ‘பெரும்பாலும்’, ‘இந்தச் சூழலில்’ என்று அளவிட்டு எழுதினால் வாதம் பலவீனப்பட்டுவிடும் என்று மாணவர்கள் அஞ்சுகிறார்கள். அளவிட்டுச் சொன்னதை வீழ்த்துவது கடினம் என்பதை ஒரு விவாதத்தில் நேரில் கண்ட பிறகுதான் அந்த அச்சம் நீங்குகிறது.

எதிர்த்தரப்பை எழுதுவதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ‘சிலர் இதை எதிர்க்கிறார்கள், ஆனால் அவர்கள் கூறுவது தவறு’ என்ற இரண்டு வரிகளோடு அந்தக் கடமையை முடித்துக்கொள்வது வழக்கம். பவணந்தி முனிவர் நன்னூலில் எழுவகை மதங்களை, அதாவது நூல் எழுதுபவர் பிறர் கருத்தை எதிர்கொள்ளும் ஏழு நிலைகளைச் சொல்லும்போது, மறுத்தல் என்பதை ஒன்றாகவும், பிறர்தம் மதம் மேற்கொண்டு களைதல் என்பதை வேறொன்றாகவும் வைக்கிறார். பிறருடைய கொள்கையை முதலில் ஏற்று நிறுத்தி, அதன் முழு வலிமையையும் காட்டிய பின் அதைக் களைவது வெறும் மறுப்பிலிருந்து வேறுபட்டது, கடினமானதும்கூட. பள்ளி நேரத்தை மாற்றக் கூடாது என்பவர் உண்மையில் என்ன சொல்கிறார்? வேலைக்குச் செல்லும் பெற்றோரின் காலை நேரம் குலையும், மாலை விளையாட்டுப் பயிற்சி இருட்டும் வரை நீளும், மாணவர்கள் கிடைத்த கூடுதல் நேரத்தையும் இரவில் விழித்திருந்தே செலவழித்துவிடுவார்கள் என்கிறார். மூன்றும் வலுவான வாதங்கள். அவற்றுள் மூன்றாவதற்குச் சான்றின் துணையோடு விடை சொல்ல முடியும்: அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2016இல் உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்க நேரம் 7.50இலிருந்து 8.45க்கு மாற்றப்பட்டபோது, மாணவர்களின் மணிக்கட்டில் கருவி அணிவித்து அளந்த ஆய்வாளர்கள், அவர்களது உறக்கம் நாளொன்றுக்கு 34 நிமிடங்கள் அளவுக்குக் கூடியிருந்ததைக் கண்டார்கள். முதல் இரண்டு வாதங்களுக்கு அப்படிப்பட்ட விடை இல்லை. அங்கே மாணவர் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்: சிரமம் உண்டு என்று ஒப்புக்கொண்டு, அதையும் மீறி மாற்றம் ஏன் வேண்டும் என்று எடைபோட்டுச் சொல்ல வேண்டும். விட்டுக்கொடுப்பது தோல்வி அன்று என்பதை மாணவர்கள் ஏற்கச் சற்றுக் காலம் பிடிக்கும். பட்டிமன்றத்தில் பழகியவர்களுக்கு இன்னும் கூடுதலாகவே பிடிக்கும்.

இதற்கு நான் பின்பற்றும் முறை எளிமையானது. எதிர்த்தரப்புப் பத்தியை மட்டும் தனித்தாளில் எழுதச் செய்து, அந்த நிலைப்பாட்டை உண்மையாகவே கொண்டிருக்கும் வகுப்புத் தோழரிடம் கொடுக்கச் சொல்கிறேன். ‘ஆம், நான் சொல்வது இதுதான்’ என்று அவர் ஏற்றுக்கொண்ட பிறகே மறுப்பை எழுதத் தொடங்கலாம். இந்தப் பயிற்சிக்குப் பிறகு சிலர் தம் நிலைப்பாட்டையே மாற்றிக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்குக் கூடுதல் நாள் தந்துவிடுகிறேன்.

வடிவத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முன்னுரை, மூன்று காரணங்கள், முடிவுரை என்ற ஐந்து பத்திச் சட்டகம் தொடக்கநிலையில் உதவுகிறது. இரண்டே காரணம் கைவசம் உள்ளவர் மூன்றாவதை இட்டுக்கட்டும் நிலை வந்தவுடன் அதைக் கைவிட்டுவிடலாம். முன்னுரையை இறுதியில் எழுதுவது நல்லது. என்ன சொல்லப்போகிறோம் என்பது தெரியும் முன் எழுதப்படும் முன்னுரைகள்தான் ‘இன்றைய அவசர உலகில்’ என்று தொடங்குகின்றன. முடிவுரையில் மூன்று காரணங்களையும் திரும்பச் சொல்வது நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் கூறியது கூறல். வலுவாகத் தொடங்கி, போகப்போக மெலிந்து முடிவது சென்று தேய்ந்து இறுதல். இந்தப் பட்டியலை வகுப்பறைச் சுவரில் ஒட்டிவைத்தால் திருத்தும் வேலை பாதியாகக் குறையும். ‘நான்’ என்ற சொல்லையே பயன்படுத்தக் கூடாது என்று சில பள்ளிகளில் இருக்கும் விதி எனக்குப் புரிந்ததே இல்லை.

திருத்தும் முறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் மேலே கண்ட அனைத்தையும் வகுப்பில் கற்பித்துவிட்டு விடைத்தாளில் சந்திப்பிழைகளை மட்டும் சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்தால், ஆசிரியர் உண்மையில் எதை மதிக்கிறார் என்பதை மாணவர் அந்தத் தாளிலிருந்தே கற்றுக்கொள்கிறார். முதல் வரைவில் எழுத்துப்பிழையைத் தொடாமல், நிலைப்பாடு தெளிவா, காரணம் நிலைப்பாட்டோடு இணைகிறதா, எதிர்த்தரப்பு நியாயமாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்ற மூன்றுக்கு மட்டும் குறிப்பு எழுதுவதும், மொழித் திருத்தத்தை இரண்டாம் வரைவுக்கு ஒத்திவைப்பதும் என் நடைமுறை. பெற்றோர் சிலர் முதல் வரைவைப் பார்த்துவிட்டுப் பிழைகள் திருத்தப்படவில்லையே என்று கேட்பது உண்டு. கல்வியாண்டின் தொடக்கத்திலேயே இந்த முறையை அவர்களுக்கு விளக்கிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

இதைவிட நுட்பமான ஆபத்து, ஆசிரியரின் கருத்தோடு ஒத்துப்போகும் கட்டுரைக்கு அறியாமலேயே கூடுதல் மதிப்பெண் போய்ச் சேர்வது. மாணவர்கள் இதை மிக விரைவாகக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அதன்பின் தாம் என்ன நினைக்கிறோம் என்பதை விட்டுவிட்டு, ஆசிரியர் எதை விரும்புவார் என்பதை எழுதுகிறார்கள். மனப்பாடம் செய்த மாதிரிக் கட்டுரைகளுக்கும், கணினியின் செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் கட்டுரைகளுக்கும் இங்கேதான் கதவு திறக்கிறது. ஒரு தலைப்பில் நமக்கு வலுவான கருத்து இருந்தால் அதை முன்கூட்டியே வகுப்பில் சொல்லாமல் இருப்பதும், நாம் முற்றிலும் உடன்படாத ஒரு கட்டுரை நன்றாக வாதிட்டிருந்தால் அதை வகுப்பில் படித்துக்காட்டுவதும் ஓரளவு பயன் தரும். சக மாணவரின் பிறப்பையோ உடலையோ இழிவுபடுத்தும் நிலைப்பாடுகளுக்கு இந்தச் சுதந்திரம் பொருந்தாது என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

கட்டுரையைப் பெற்றுக்கொண்ட பிறகு, எழுதியவரை அழைத்து இரண்டு நிமிடம் பேசவைப்பதையும் நான் வழக்கமாக வைத்திருக்கிறேன். உன் வாதத்தில் எந்தக் காரணம் மிகவும் பலவீனமானது, அதை ஏன் வைத்துக்கொண்டாய் என்று கேட்பேன். தானே சிந்தித்து எழுதியவர் ஒரு கணம் தயங்கிவிட்டு விடை சொல்கிறார்; அந்த விடையைக் கட்டுரையிலும் ஒரு வரியாகச் சேர்த்து எழுதிவரச் சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.