போர்டிகோ: தூண் வரிசைக்கு ஒரு தமிழ்ச்சொல்

கட்டடத்தின் முன்புறம் தூண்கள் வரிசையாக நின்று கூரையைத் தாங்கும், சுவரில்லாத முகப்புதான் போர்டிகோ. கூரைக்கு மேலே பெரும்பாலும் ஒரு முக்கோண முகடு இருக்கும். இங்கிலாந்தின் பழைய கிராமப்புற மாளிகைகளைப் படத்தில் பார்த்தவர்களுக்கு உடனே நினைவுக்கு வரும் பகுதி இது.

லத்தீனில் 'போர்ட்டா' என்றால் வாயில். அதிலிருந்து வந்த 'போர்ட்டிகஸ்', தூண்கள் தாங்கும் கூரையிட்ட நடைவழி. இது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் முதலில் 'போர்ச்' ஆனது. பிறகு, 17ஆம் நூற்றாண்டில், இத்தாலிய உருவிலேயே இன்னொரு முறை வந்து 'போர்டிகோ' ஆனது. போர்ச் சின்ன வீட்டுக்கும் இருக்கும். போர்டிகோவுக்குப் பணம் வேண்டும்.

இத்தாலியிலிருந்து சொல் மட்டும் வரவில்லை. 16ஆம் நூற்றாண்டில் அந்திரேயா பல்லாடியோ என்ற கட்டடக் கலைஞர் ரோமானியக் கோயில்களின் முகப்பைப் பணக்காரர்களின் வீடுகளுக்கு வைத்தார். சாமிக்கு உரியதை மனிதர் வீட்டுக்கு வைக்கலாமா? பழங்காலத்தில் இந்த முகப்பு வீட்டில்தான் இருந்தது, கோயில்தான் அதை எடுத்துக்கொண்டது என்பது அவர் கட்சி. வீடு கட்டுபவர்களுக்கு மிக வசதியான வாதம்தான்.

இங்கிலாந்தில் கிராமப்புற மாளிகைக்கு வந்த முதல் போர்டிகோ என்று சொல்லப்படுவது ஹாம்ப்ஷயரில் உள்ள 'தி வைன்' மாளிகையில் இருக்கிறது. மாளிகை டியூடர் மன்னர்கள் காலத்துச் செங்கல் கட்டடம். 1653இல் அதை வாங்கிய சலோனர் சூட், ஆங்கிலக் கட்டடக் கலைஞர் இனிகோ ஜோன்ஸின் மாணவரான ஜான் வெப்பை வைத்து ஏரியைப் பார்த்த பக்கத்தில் தூண் முகப்பு கட்டினார். நூறாண்டு கழித்து, 1760களில், டெர்பிஷயரின் கெடில்ஸ்டன் ஹாலில் ஆறு பெரிய தூண்களுடன் ஒன்று எழுந்தது. கல்கத்தாவின் அரசு மாளிகைக்கு முன்மாதிரி இந்தக் கெடில்ஸ்டன்தான். அங்கே பிறந்த கர்சன் பிரபு, வைஸ்ராயாகி அந்தக் கல்கத்தா மாளிகையிலேயே குடியிருந்தார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'முன்றில்' அழகான சொல், ஆனால் பொருந்தாது. சங்கப் பாடலில் முன்றில் என்பது பலாமரம் நிற்கும் வீட்டு முற்றம். அதற்குத் தூணும் இல்லை, கூரையும் இல்லை. 'முகமண்டபம்' நெருங்கி வருகிறது. கோயிலிலிருந்து வந்த உறுப்புக்குக் கோயில் சொல்லே பொருத்தம்தான். ஆனால் நம் கோயில்களில் பல முகமண்டபங்கள் சுவர் வைத்து அடைத்தவை. அதனால் என் தேர்வு 'முகப்பு மண்டபம்'. அகராதி பார்க்காமலே புரியும்.

ஆனால் தமிழ்நாட்டு வீடுகளில் கார் நிறுத்துகிறோமே, அந்தப் போர்டிகோவுக்கு இது பொருந்தாது. அது உண்மையில் வேறொரு உறுப்பு: குதிரை வண்டியிலிருந்து நனையாமல் இறங்க வாசலில் கட்டிய கூரை. பிரெஞ்சுச் சொல்லைக் கடன் வாங்கி அதை ஆங்கிலேயர் 'போர்ட் கோஷேர்' என்றார்கள். நாம் 'வண்டி முகப்பு' என்று சொல்லிக்கொள்ளலாம்.