மதிப்பீடு போடுவதற்கு முன் ஊரைக் கேளுங்கள்

ஆற்றுச் சீரமைப்புக்கான செலவு மதிப்பீட்டில் கையெழுத்து விழுந்தபின் நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஊரார் மாற்ற முடிவது திறப்பு விழா தேதியை மட்டும்தான். குமரி மாவட்டத்தின் பழையாற்றில் எந்தச் சீரமைப்புக்கும் ஊரோடு சேர்ந்து ஆற்றை நடந்து பார்ப்பதே முதல் வேலை.

மார்ச் கடைசி முதல் மே வரை நடக்கலாம். கும்பப்பூ என்னும் இரண்டாம் போக நெல் அறுவடை முடிந்து, தண்ணீர் குறைந்து ஆற்றின் அடி தெரியும். ஒரு நாளைக்கு 2 கிலோமீட்டர், 10 முதல் 15 பேர் போதும். சர்வே எண்ணோடு நில எல்லை காட்டும் புலப்படமும் அளவு நாடாவும் மட்டக் கருவியும் கையில் இருக்கட்டும். கடைமடை விவசாயி, கடவில் துவைக்கும் பெண்கள், கதம்பை (தேங்காய் மட்டை) ஊறப்போடுகிறவர்கள், காயலில் வலை வீசுகிறவர்கள் என எல்லாரும் வேண்டும். ஆறு கடலில் சேரும் மணக்குடிப் பக்கம் ஞாயிறு பிற்பகல் ஆள் கிடைக்கும். திங்கள் காலை 11 மணிக்குக் கூப்பிட்டால் ஓய்வூதியர்கள்தான் வருவார்கள்.

"2021 நவம்பர் வெள்ளம் எந்தப் படி வரை ஏறியது?" என்று வீடு வீடாகக் கேட்டு, சுவரில் சிவப்புச் சாயத்தில் கோடு போடுங்கள். அடுத்தடுத்த மூன்று வீட்டுக் கோடுகளை மட்டம் பார்த்து, ஒரு சாண் வித்தியாசம் வந்தால் மறுபடி கேளுங்கள். கரைச்சுவர் எவ்வளவு உயரம் வேண்டும் என்பதை இந்தக் கோடுகள் சொல்லும்.

தூர்வாரும் ஆழத்தில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. தடுப்பணைக்கு மேலே தேங்கும் தண்ணீரின் மட்டத்தை அணையின் உச்சி தீர்மானிக்கும். அங்கே கொஞ்சம் ஆழமானாலும் கால்வாய்க்குத் தண்ணீர் ஏறும். அணை இல்லாத இடத்தில் கால்வாய் பிரிந்தால், ஆற்றின் அடி இறங்கியதும் தண்ணீர் மட்டமும் இறங்கிவிடும், மடை வறண்டு நிற்கும். காயலை ஒட்டி ஆழமாக வெட்டினால் உப்புத்தண்ணீர் மேலேறிக் கிணறுகள் உவராகும். ஒவ்வொரு மடையின் அடிமட்டத்தையும் ஊர்க்காரர் முன்னாலேயே அளந்து எழுதுங்கள்.

தூர்வாரிய மண்ணை எங்கே கொட்டுவது என்று மதிப்பீட்டில் இடம் குறிக்காவிட்டால் அது கரையிலேயே குவியும். முதல் மழையில் திரும்ப ஆற்றுக்குள் போகும். கரையைப் பிடித்து நிற்கும் கைதையை (தாழையை)ப் புதரென்று வெட்டுவதும் வழக்கமாக நடக்கிறது. எந்தக் கைதை நிற்க வேண்டும் என்று நடக்கும்போதே துணி கட்டி அடையாளம் வையுங்கள்.

"ஆற்றைத் தூர்வார வேண்டும்" என்ற ஒற்றை வரித் தீர்மானத்தால் கிராமசபையில் பயனில்லை. சர்வே எண், எந்தக் கரை, எத்தனை மீட்டர், எந்த ஷட்டர் என்று எழுத வேண்டும். நாகர்கோவில் எல்லைக்குள் கிராமசபை கிடையாது, வார்டு மட்டத்தில் கேட்க வேண்டும். சாக்கடை விழும் வாய்களின் பட்டியலும் அங்கிருந்துதான் வர வேண்டும். ஏற்காத கோரிக்கைகளைக் காரணத்தோடு 15 நாளுக்குள் பலகையில் ஒட்டுங்கள். அதே பலகையில், ராத்திரி வெள்ளம் வந்தால் ஷட்டர் சாவி யார் கையில் இருக்கும் என்பதையும் எழுதுங்கள்.