மூன்று பார் காற்றும் ஒரு வாஷரும்

சோபா சுத்தம் செய்ய வீட்டுக்கு வந்த இருவரில் இளையவர், இரண்டு லிட்டர் ஸ்ப்ரேயரைத் தரையில் வைத்து முழங்கால்களால் அணைத்துக்கொண்டு பம்ப் அடித்தார். முப்பது தடவையாவது அடித்திருப்பார். விசையை அழுத்தினால், விசிறியாகப் பாய வேண்டிய அழுக்கு நீக்கும் மருந்து கசியும் குழாய் மாதிரி சொட்டியது. "அண்ணே, காத்து நிக்க மாட்டேங்குது" என்றார். மூத்தவர் மூடியைத் திருகி, பம்ப் தண்டை உருவி, அதன் முனையில் இருந்த கறுப்பு வளையத்தை விரலால் தடவினார். "வாஷர் ஊதிப்போச்சு. நேத்து இதுல ஆரஞ்சு ஊத்துனியா?"

இளையவர் பதில் சொல்லவில்லை. ஊற்றியிருக்கிறார்.

அந்தக் கேள்வியில் வேதியியல் பாடம் ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் இந்தக் குட்டி பம்ப் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

கார்பெட்டையோ சோபாவையோ கழுவும் இயந்திரம் வெந்நீரைப் பாய்ச்சி உடனே உறிஞ்சி எடுத்துவிடும். அழுக்கை இளக்க அதற்கு நேரம் போதாது. அதனால் முன்கூட்டியே மருந்து தெளித்து, பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிடுகிறார்கள். 12-க்கு 10 அடி அறையில் விரித்த கார்பெட்டுக்குக் கலந்த மருந்து சுமார் ஒரு லிட்டர் பிடிக்கும். கண்ணாடி துடைக்கும் திரவம் வருகிற, விரலால் அழுத்தும் பாட்டில் ஒரு அழுத்தலுக்கு ஏறக்குறைய ஒரு மில்லி லிட்டர்தான் தரும். அப்படியானால் அந்த அறைக்கு ஆயிரம் அழுத்தல். சாயங்காலம் விரல் மடங்காது. அந்த பாட்டில் தனிக் கறைகளுக்குச் சரி. பரப்புக்கு மருந்தடிக்கக் காற்றழுத்த ஸ்ப்ரேயர்தான் வேண்டும்.

இதில் கை உழைப்பெல்லாம் முதலிலேயே முடிந்துவிடுகிறது. பம்ப் அடிக்கும்போது திரவத்துக்கு மேலே காலியாக இருக்கும் இடத்தில் காற்றை நெருக்கி அடைக்கிறோம். விசையை அழுத்தியதும், விரியத் துடிக்கும் அந்தக் காற்று திரவத்தைக் குழாய் வழியே வெளியே தள்ளுகிறது. இந்த வகைக் கைப் பம்புகள் மூன்று பார் அளவுக்கு அழுத்தம் தாங்கும் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு, நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பார்). கார் டயரில் இருப்பது 2.3 பார் அளவுதான். மூன்று பாரில் நாசிலை, அதாவது தெளிக்கும் முனையை, விட்டு வெளியேறும் நீரின் வேகம் நொடிக்கு 24 மீட்டரைத் தொடலாம், அதாவது மணிக்குக் கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள அடிப்பாகத்தை உள்ளிருந்து அழுத்தும் விசையைக் கணக்குப் போட்டால் 340 கிலோ எடைக்குச் சமம். பாட்டில் உருண்டையாக இருப்பதும் அடிப்பாகம் குமிழ் போல வளைந்திருப்பதும் அழகுக்காக இல்லை.

நிறையப் பேர் செய்யும் தவறு, இரண்டு லிட்டர் பாட்டிலில் கழுத்துவரை ஊற்றுவது. ராபர்ட் பாயில் 1662-இல் வெளியிட்ட விதி இங்கே கையைக் கட்டிவிடுகிறது: வெப்பநிலை மாறாதபோது காற்றின் கனஅளவு இரட்டிப்பானால் அழுத்தம் பாதியாகும். ஒன்றரை லிட்டர் மருந்து ஊற்றி, அரை லிட்டர் இடத்தில் காற்றை மூன்று பாருக்கு ஏற்றுகிறோம் என்று வையுங்கள். வளிமண்டலத்தின் ஒரு பாரையும் சேர்த்தால் உள்ளே நான்கு. அரை லிட்டர் தெளித்து முடித்ததும் காற்றுக்குக் கிடைத்த இடம் ஒரு லிட்டர், நான்கு இரண்டாகிறது. வெளிக்காற்றைக் கழித்தால் தள்ளுவதற்கு மிச்சம் ஒரே ஒரு பார். அதே பாட்டிலில் ஒரு லிட்டர் மட்டும் ஊற்றியிருந்தால், அரை லிட்டர் தெளித்த பிறகும் 1.7 பார் நிற்கும். முதலில் கூடுதலாக அடிக்க வேண்டும், ஆனால் நடுவில் சொதப்பாது. பாதி அளவு ஊற்றுங்கள் என்று வேலை தெரிந்தவர்கள் சொல்வது இதனால்தான்.

அழுத்தம் மூன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கினால் வெளிவரும் மருந்தும் ஏறக்குறைய அறுபது சதவீதமாகக் குறைகிறது. அறையின் ஒரு மூலை நன்றாக ஊறியும் எதிர்மூலை அரைகுறையாகவும் இருக்கும். காய்ந்த பிறகு பார்த்தால் திட்டுத்திட்டாகத் தெரியும். பழி மருந்தின் மேல் விழும்.

சரி, நாசிலுக்கு வருவோம். குழாயை லேசாகத் திறந்தால் நூலாக இறங்கும் தண்ணீர் சற்றுக் கீழே மணிமணியாக உடைவதைப் பார்த்திருப்பீர்கள். நீரின் மேற்பரப்பு எப்போதும் சுருங்கப் பார்க்கும். நீளமான நூலைவிட உருண்டைத் துளிகளுக்கு மொத்தப் பரப்பு குறைவு. பெல்ஜியத்தின் ஜோசப் பிளாட்டோவும் இங்கிலாந்தின் லார்ட் ரேலேயும் 19-ஆம் நூற்றாண்டில் இதைக் கணிதமாக்கினார்கள். விசிறி நாசிலில் நீர் முதலில் மெல்லிய தகடாக விரிகிறது. தகடு காற்றில் படபடத்துக் கிழிந்து நூல்களாகி, நூல்கள் துளிகளாகின்றன. சோப்பு கலந்தால் நீரின் பரப்பு இழுவிசை பாதிக்கும் கீழே போய்விடும். தகடு எளிதில் உடையும், துளிகளும் பொடியாகலாம்.

பொடித் துளி நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நூறு மைக்ரான் துளி ஒன்றில் இருக்கும் நீரை வைத்துப் பத்து மைக்ரான் துளிகள் ஆயிரம் செய்யலாம். பெரிய துளி ஒரு மீட்டர் உயரத்திலிருந்து நான்கு நொடியில் தரைக்கு வந்துவிடும். சின்னது காய்ந்துபோகாமல் இருந்தால் ஐந்து நிமிடத்துக்கு மேல் மிதக்கும். ஏ.சி. போட்டு ஜன்னல் சாத்திய ஹாலில் அது போய்ச் சேருமிடம் தெளிப்பவரின் நுரையீரல். நாசிலைத் திருகித் திருகிப் பனிப்புகை மாதிரி அடிப்பது கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான். கார்பெட்டுக்குத் தட்டையான விசிறி நாசில், கொஞ்சம் கனமான துளி, ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி வரிசைகள் என்று போனால் போதும். விசிறியின் ஓரங்களில் மருந்து குறைவாக விழும் என்பதால் வரிசைகள் ஏறி வர வேண்டும். வாங்குமுன் காய்ந்த சிமெண்ட் தரையில் ஒரு கோடு அடித்துப் பார்த்தால் நாசிலின் குணம் தெரிந்துவிடும்.

சோபாவில் கூடுதல் எச்சரிக்கை தேவை. மேல்துணிக்குக் கீழே பஞ்சோ ஃபோமோ இருக்கிறது. நாசில் ஒழுகி ஒரே இடத்தில் மருந்து இறங்கினால், கீழே படிந்திருக்கும் பழைய அழுக்கையும் அது கரைத்துக்கொள்ளும். காயும்போது விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல, துணி இழைகள் அந்த அழுக்கு நீரை மேலே இழுத்துக் கொண்டுவரும். நீர் ஆவியாகும், அழுக்கு நின்றுவிடும். சுத்தம் செய்த மறுநாள் புதிதாக ஒரு பழுப்பு வட்டம் தெரிந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். சில சோபாக்களின் அடியில் துணிச்சீட்டு தைத்திருப்பார்கள். அதில் ஆங்கில டபிள்யூ இருந்தால் நீர் சார்ந்த மருந்து ஆகும், எஸ் இருந்தால் கரைப்பான் மட்டும், எக்ஸ் இருந்தால் வேக்வம் தவிர எதுவும் கூடாது. எக்ஸ் பார்த்தால் ஸ்ப்ரேயரைப் பைக்குள் வைத்துவிடலாம்.

இப்போது ஆரஞ்சு. ஊதிய பலூன் மேல் ஆரஞ்சுத் தோலைப் பிழிந்து வெடிக்க வைக்கும் விளையாட்டு பிள்ளைகளுக்குத் தெரியும். தோலில் இருக்கும் லிமோனீன் என்ற எண்ணெய்தான் அந்த வேலையைச் செய்கிறது. சூயிங்கம், கிரீஸ், பசைக் கறைகளை எடுக்க விற்கும் ஆரஞ்சு வாசனைத் திரவங்கள் பலவற்றில் சரக்கு இதுவே. ரப்பர் என்பது அங்கங்கே முடிச்சுப் போட்ட நீண்ட மூலக்கூறு இழைகளின் சிக்கல். தன் குணத்துக்கு ஒத்த திரவம் வந்தால் இழைகளுக்கிடையே அதை விட்டுவிடும். திரவம் புகுந்து இழைகளைத் தள்ளித் தள்ளி வைக்கும். முடிச்சுகள் இருப்பதால் ரப்பர் கரைந்துவிடாது, உப்பும். இழுபட்ட மெல்லிய பலூன் உடனே கிழிகிறது. தடித்த வாஷர் பருத்து, மெத்தென்றாகி, குழாய்க்குள் சிக்கி, ஓரம் பிய்ந்து காற்றை விட ஆரம்பிக்கிறது.

எல்லா மருந்துக்கும் பொருந்தும் ரப்பர் என்று ஒன்று கிடையாது. கார்பெட்டுக்கு அடிக்கும் முன்தெளிப்புகளில் பெரும்பாலானவை காரத்தன்மை உள்ளவை. அதற்கும், நீர்த்த அமிலத்துக்கும், நீர்த்த பெராக்சைடுக்கும் இ.பி.டி.எம். ரப்பர் நன்றாகத் தாங்கும். ஆனால் எண்ணெய், பெட்ரோல் வகை, லிமோனீன் பட்டால் உப்பிவிடும். வைட்டான் என்ற ரப்பர் நேர்மாறு: எண்ணெய்க்கும் பல கரைப்பான்களுக்கும் அசையாது, ஆனால் அசிட்டோனிடம் தோற்கும், கடும் காரத்தில் நாள்பட நாள்பட விறைத்து வெடிக்கும். சாதாரணப் பூச்செடி ஸ்ப்ரேயர்களில் நைட்ரைல் ரப்பர் அதிகம். அது எண்ணெய்க்குப் பரவாயில்லை, பெராக்சைடு போன்ற ஆக்சிஜனேற்றிகளிடம் பலவீனம். ஆகவே காரத்துக்கு ஒரு ஸ்ப்ரேயர், கரைப்பானுக்கு வேறொன்று. மூடியில் கலர் டேப் சுற்றி வைத்தால் காலை அவசரத்தில் குழப்பம் வராது.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். பம்ப் இறுகினால் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுவது. இ.பி.டி.எம். வாஷருக்கு இதுவே விஷம். சிலிக்கோன் கிரீஸ் கொஞ்சம் தடவினால் வேலை முடிந்தது.

பெராக்சைடு பற்றி மட்டும் தனியாக. மூன்று சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு லிட்டர் முழுவதும் சிதைந்தால் ஏறக்குறைய பத்து லிட்டர் ஆக்சிஜன் வெளிவரும். புட்டியில் ‘10 வால்யூம்’ என்று போடுவதன் பொருள் அதுதான். துருவோ செம்போ கரிம அழுக்கோ உள்ளே இருந்தால் சிதைவு வேகமாகும். இறுக்கி மூடி வெயிலில் நிற்கும் வண்டியில் விட்டுவிட்டுப் போனால், யாரும் பம்ப் அடிக்காமலே அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும். பாதுகாப்பு வால்வு இல்லாத பாட்டில் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம் என்பேன். வேலை முடிந்ததும் அழுத்தத்தை வெளியேற்றி, மிச்சத்தைக் கொட்டி, வெறும் தண்ணீர் ஊற்றி ஒரு நிமிடம் தெளித்துவிட வேண்டும். பிளீச்சிங் கரைசல் இருந்த பாட்டிலில் கழுவாமல் அமிலம் ஊற்றினால் குளோரின் வாயு வரும், அது விளையாட்டில்லை.

ஆழ்குழாய்க் கிணற்று நீரில் மருந்து கலப்பவர்களின் நாசிலில் உப்பு படியும். ஊசி வைத்துக் குத்தாதீர்கள். துளையின் விட்டம் பத்து சதவீதம் பெருத்தால் வெளியேறும் அளவு இருபது சதவீதத்துக்கு மேல் கூடும், விசிறியும் கோணலாகும். வினிகரில் ஊறவைத்துப் பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் வந்துவிடும்.

கடையில் லிட்டர் கணக்கையும் கலரையும் பார்ப்பதைவிட, மூடியைக் கழற்றிப் பம்ப் தண்டை வெளியே எடுக்க முடிகிறதா என்று பார்ப்பேன். வாஷர் என்ன ரப்பர் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிறதா, உதிரி வாஷர் தனியாகக் கிடைக்குமா என்று கேட்பேன். எதில் செய்தது என்று தெரியாத வாஷர் என்றால், உதிரி ஒன்றை நம் மருந்தில் போட்டு ஒரு கண்ணாடிக் குப்பியில் இரவு முழுக்க மூடி வைத்து, காலையில் புதியதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

அன்று மூத்தவர் சட்டைப் பையிலிருந்து சின்ன பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்தார். அதிலிருந்த புது வாஷரை மாட்டினார். பழையதைப் புதியதன் பக்கத்தில் வைத்தார். ஒரு சுற்றுப் பெரிதாக, உளுந்துவடை மாதிரி பொதபொதவென்று இருந்தது. "இத வச்சுக்க" என்று அதை இளையவர் கையில் கொடுத்துவிட்டுப் பம்ப் அடிக்க ஆரம்பித்தார். இருபது அடியில் காற்று நின்றது.