அண்டை நாடுகள் சேர்ந்து ஆயுதம் வாங்கும்போது என்ன நடக்கிறது?

ஐரோப்பிய நாடுகளின் பாதுகாப்பு ஒத்துழைப்பைப் பற்றிப் பேசும்போது இரண்டு தவறான எண்ணங்கள் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகின்றன. பிரசெல்ஸ் நகரில் இயங்கும் ஐரோப்பியப் பாதுகாப்பு முகமை ஒரு பொது இராணுவத்தின் தலைமையகம் என்பது ஒன்று. பல நாடுகள் கூட்டாக வாங்கினால் விலை தானாகக் குறைந்துவிடும் என்பது மற்றொன்று. விமான உதிரிபாகங்கள், பராமரிப்பு ஆகியவற்றுக்கான ஒப்பந்தங்களின் தொழில்நுட்பப் பகுதிகளைச் சரிபார்ப்பது என் தொழில். வாங்குபவர் ஒருவராக இருக்கும் ஒப்பந்தங்களையும், பலர் கையெழுத்திடும் ஒப்பந்தங்களையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். கூட்டுக் கொள்முதல் வெற்றி பெறுவதும் தோற்பதும் பணத்தாலோ நட்பாலோ அல்ல, எல்லா நாடுகளும் ஒரே பொருளை ஒரே வடிவில் ஏற்றுக்கொள்கின்றனவா என்பதால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏன் என்பதை ஐரோப்பாவில் நடந்தவற்றைக் கொண்டே இங்கே விளக்க முயல்கிறேன்.

முதலில் அந்த முகமை எது, எது அல்ல என்று பார்ப்போம். அது 2004 ஜூலை 12 அன்று நிறுவப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளியுறவுக் கொள்கைக்கான உயர் பிரதிநிதி அதன் தலைவர். உறுப்பு நாடுகளின் பாதுகாப்பு அமைச்சர்களே அதன் வழிநடத்தும் குழு. அதனிடம் படைவீரர் ஒருவரும் இல்லை, துப்பாக்கி ஒன்றும் இல்லை. சில நூறு பேருக்குள் அடங்கும் பணியாளர்களும், பல ஆண்டுகள் சுமார் 3 கோடி யூரோ அளவிலேயே உறைந்து கிடந்த ஒரு வரவுசெலவுத் திட்டமும்தான் அதன் சொத்து. வரவுசெலவை உயர்த்த எல்லா உறுப்பு நாடுகளும் ஒப்ப வேண்டும் என்பதால், அப்போது உறுப்பினராக இருந்த பிரிட்டன் மறுத்தபோதெல்லாம் அந்தத் தொகை நகரவில்லை. 2024-இல் உறுப்பு நாடுகள் அனைத்தும் சேர்ந்து பாதுகாப்புக்காகச் செலவிட்டது சுமார் 34,300 கோடி யூரோ. இவ்வளவு பெரிய செலவின் அருகில் இவ்வளவு சிறிய முகமை எதைச் செய்ய முடியும் என்ற கேள்வி நியாயமானதே. அதனால் கட்டளையிட முடியாது. யாருக்கு எது தேவை, எந்த ஆண்டில் தேவை என்பதைக் கேட்டறிந்து, ஒத்த தேவையுள்ள நாடுகளை ஒரே மேசையில் அமர்த்த மட்டுமே முடியும்.

அந்த மேசையின் விதிகள் நெகிழ்வானவை. முகமையின் திட்டங்களில் ஒரு வகையில், விலகுவதாக அறிவிக்கும் நாடுகள் தவிர மற்ற எல்லா நாடுகளும் பங்கேற்பதாகக் கொள்ளப்படும். இன்னொரு வகையில், விரும்பிச் சேரும் நாடுகள் மட்டுமே பங்கேற்கும். ஆயத்தப் பணிகளுக்கு முதல் வகையும், பணம் கைமாறும் உண்மையான திட்டங்களுக்கு இரண்டாம் வகையும் பொருந்தி வந்திருக்கின்றன. ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நார்வே, சுவிட்சர்லாந்து, செர்பியா, உக்ரைன் ஆகியவையும் தனி ஏற்பாடுகளின் வழியே இதில் கலந்துகொள்கின்றன. டென்மார்க் 1990-களிலேயே ஒன்றியத்தின் பாதுகாப்புக் கொள்கையிலிருந்து விலக்குப் பெற்றிருந்தது. உக்ரைன் மீதான ரஷ்யப் படையெடுப்புக்குப் பின், 2022 ஜூன் 1 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அந்த விலக்கை நீக்க ஒப்புதல் அளித்தனர். அடுத்த ஆண்டு மார்ச்சில் டென்மார்க் முகமையில் சேர்ந்தபோது உறுப்பு நாடுகளின் எண்ணிக்கை 27 ஆனது.

இந்த ஏற்பாடு நன்றாக வேலை செய்தால் எப்படியிருக்கும் என்பதற்கு, பறக்கும்போதே பிற விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பும் டாங்கர் விமானங்களின் கதையைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. 2011-இல் லிபியா மீது நடந்த வான்வழி நடவடிக்கையில் ஐரோப்பியப் போர்விமானங்கள் பெருமளவு பங்கேற்றன. ஆனால் அவை வானில் நீண்ட நேரம் நிற்கத் தேவையான எரிபொருளில் பெரும்பகுதியை அமெரிக்க டாங்கர்களே வழங்கின. ஐரோப்பாவிடம் டாங்கர்கள் குறைவாக இருந்ததோடு, இருந்தவையும் பல வகைகளாகச் சிதறிக் கிடந்தன. பெரும்பாலான நாடுகளுக்குத் தனியாக ஒரு டாங்கர் வாங்குவதும் பொருளற்றது. ஓர் ஆண்டில் சில நூறு மணி நேரமே தேவைப்படும் விமானத்துக்காக விமானிகளையும், பொறியாளர்களையும், கொட்டகையையும், உதிரிபாகக் கிடங்கையும் ஆண்டு முழுவதும் வைத்திருக்க எந்த நிதி அமைச்சகமும் ஒப்பாது.

முகமை 2012-இல் இந்தக் குறையைக் கையில் எடுத்தது. 2016 ஜூலையில் நெதர்லாந்தும் லக்சம்பர்க்கும் ஏர்பஸ் ஏ330 வகையைச் சேர்ந்த இரண்டு டாங்கர்களுக்கான ஒப்பந்தத்தைத் தொடங்கிவைத்தன. 2017-இல் ஜெர்மனியும் நார்வேயும், 2018-இல் பெல்ஜியமும், 2019-இல் செக் குடியரசும் சேர்ந்தன. முதல் விமானம் 2020 ஜூன் இறுதியில் ஒப்படைக்கப்பட்டது. நெதர்லாந்தின் ஐந்தோவன் தளமும், ஜெர்மனியின் கொலோன் தளமும் இவற்றின் வீடுகள்.

இதில் தொழில்முறையாளர்கள் கவனிக்க வேண்டியது வேலைப் பிரிவினையை. தேவையைக் கண்டறிந்து நாடுகளை ஒன்று சேர்த்தது பாதுகாப்பு முகமை. உற்பத்தியாளரிடமிருந்து விமானங்களைப் பெறும் கட்டத்தைக் கவனித்தது, ஜெர்மனியின் பான் நகரில் தலைமையிடம் கொண்ட ஒக்கார் என்ற கூட்டுக் கொள்முதல் அமைப்பு. விமானங்களின் உரிமை நேட்டோவிடம் இருக்கிறது. அவற்றை நிர்வகிப்பது நேட்டோவின் ஆதரவு மற்றும் கொள்முதல் முகமை. உறுப்பு நாடுகள் விமானத்தை வாங்கவில்லை, பறக்கும் நேரத்தை வாங்குகின்றன. ஜெர்மனி ஆண்டுக்கு 5,500 மணி நேரம் எடுத்துக்கொண்டபோது பெல்ஜியம் 1,000 மணி நேரமும், நார்வேயும் செக் குடியரசும் தலா 100 மணி நேரமும் எடுத்துக்கொண்டன. நூறு மணி நேரம் மட்டுமே தேவைப்படும் நாட்டுக்கும் ஒரு முழு டாங்கர் படையின் பயன் கிடைக்கிறது என்பதே இந்தக் கணக்கின் அழகு. லக்சம்பர்க் 200 மணி நேரத்தில் தொடங்கி, 2020-இல் தன் பங்கை 1,200 மணி நேரமாக உயர்த்தியபோது ஒன்பதாவது விமானத்துக்கு ஆணை கொடுக்க முடிந்தது. 2025-இல் சுவீடனும் டென்மார்க்கும் சேர்ந்ததும் ஆணை கொடுக்கப்பட்ட விமானங்களின் மொத்த எண்ணிக்கை 12 என்று ஆனது.

எல்லா விமானங்களும் ஒரே வடிவமைப்பில், நெதர்லாந்தின் இராணுவப் பதிவில் இருக்கின்றன. இதன் மதிப்பை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எளிதில் உணர மாட்டார்கள். ஒரு விமானம் பறக்கத் தகுதியானது என்று சான்றளிக்கும் அதிகாரம் ஒன்றுதான் என்றால், ஒரு பழுதுக்கு ஒரே பதில்தான் இருக்கும். ஒரு பொறியாளரின் கையெழுத்து எல்லா நாடுகளின் பறத்தலுக்கும் செல்லும். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை என் வேலையில் அடிக்கடி பார்க்கிறேன். உதிரிபாகத்தின் எண் ஒன்றாகவே இருக்கும், ஆனால் ஒரு நாடு கேட்ட சிறு திருத்தத்தால் அதன் திருத்த நிலை வேறாக இருக்கும். கிடங்கில் பக்கத்துப் பெட்டியில் கிடந்தாலும் அதை எடுத்து மற்ற நாட்டின் விமானத்தில் பொருத்த முடியாது. பொருத்த வேண்டுமானால் இரு நாடுகளின் அதிகாரிகளும் ஆவணங்களைப் பரிசீலித்து ஒப்புதல் தர வேண்டும். அந்தக் கடிதம் வரும்வரை விமானம் தரையில் நிற்கும்.

இதனால்தான் பாதுகாப்பு முகமை செய்த பணிகளில் மிகவும் பயனுள்ளதாக நான் கருதுவது, செய்தித்தாள்களில் ஏறக்குறைய இடமே பெறாத ஒரு பணி. குடிமக்கள் பயணம் செய்யும் விமானங்களுக்கு ஐரோப்பா முழுவதற்குமான பாதுகாப்பு விதிகள் உண்டு. இராணுவ விமானங்களுக்கோ ஒவ்வொரு நாடும் தனித்தனி விதி வைத்திருந்தது. 2008-இல் முகமை அந்த நாடுகளின் இராணுவ விமானத் தகுதி அதிகாரிகளை ஒரு மன்றமாகக் கூட்டியது. வடிவமைப்பு, பராமரிப்பு நிறுவனங்கள், பொறியாளர் உரிமம், பயிற்சி ஆகியவற்றுக்குப் பொது விதித் தொகுப்புகளை அந்த மன்றம் உருவாக்கியது. அவை சட்டமாகக் கட்டாயப்படுத்துபவை அல்ல, ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தில் ஏற்றுக்கொண்டால்தான் உயிர்பெறும். இருப்பினும், ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் ஒரே விதியின் எண்ணைக் குறிப்பிட்டாலே போதும் என்ற நிலைக்கும், ஒவ்வொரு நாட்டின் விதியையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்ற நிலைக்கும் இடையே உள்ள வேறுபாடு மாதக் கணக்கிலானது. எரிபொருள் நிரப்புவதிலும் இதே சிக்கல் உண்டு. எந்த டாங்கரிடமிருந்து எந்தப் போர்விமானம் எரிபொருள் பெறலாம் என்பது ஒவ்வோர் இணைக்கும் தனியாகச் சோதித்து அனுமதிக்கப்பட வேண்டியது. 2013-இல் முகமையின் ஏற்பாட்டில் இத்தாலிய டாங்கருடன் பிரெஞ்சு, சுவீடன் போர்விமானங்களை ஒரே தளத்தில் வைத்துச் சோதித்ததற்கும் காரணம் இதுதான்.

எதிர்மறைச் சான்றும் கண்முன்னே இருக்கிறது. என்எச்90 ஹெலிகாப்டரை பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, நெதர்லாந்து ஆகிய நாடுகள் 1990-களில் சேர்ந்து உருவாக்கின. பின்னர் பல நாடுகள் வாங்கின. பெயர் ஒன்றாக இருந்தாலும், ஒவ்வொரு நாடும் தன் கருவிகளையும் தன் ஏற்பாடுகளையும் கேட்டதால் இருபதுக்கும் மேற்பட்ட வகைகள் பிறந்தன. நார்வே 2001-இல் 14 ஹெலிகாப்டர்களுக்கு ஆணை கொடுத்தது. அவை 2008-க்குள் வந்து சேர்ந்திருக்க வேண்டும். 2022 ஜூனில் நார்வே அரசு ஒப்பந்தத்தை முறித்து, ஹெலிகாப்டர்களைத் திருப்பித் தருவதாக அறிவித்தபோது வெளியிட்ட கணக்கு வருத்தமளிப்பது: ஆண்டுக்கு 3,900 மணி நேரம் பறக்க வேண்டிய படை, சராசரியாகச் சுமார் 700 மணி நேரமே பறந்திருந்தது. கூட்டாக வாங்கியும் ஒன்றுபோல வாங்காததன் விலையை அந்நாட்டுக் கடலோரக் காவல் படையும் கடற்படையும் சுமந்தன.

இந்த வகை வேறுபாடுகளுக்கு இராணுவக் காரணங்கள் மட்டுமே இல்லை. நாம் போட்ட பணத்துக்கு ஈடான வேலை நம் நாட்டுத் தொழிற்சாலைக்கு வர வேண்டும் என்ற கோரிக்கை ஒவ்வொரு நாடாளுமன்றத்திலும் எழுகிறது. வரி கட்டுபவரின் பார்வையில் அது நியாயமாகத் தோன்றினாலும், இறுதியில் ஒரே விமானத்துக்கு இரண்டு, மூன்று நாடுகளில் பொருத்தும் கூடங்கள் அமைகின்றன. 1996-இல் பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன் ஆகிய நான்கும் ஒக்கார் அமைப்பைத் தொடங்கியபோது, ஒவ்வொரு திட்டத்திலும் பங்குக்குப் பங்கு வேலை என்ற கணக்கைக் கைவிட்டு, பல திட்டங்களிலும் பல ஆண்டுகளிலுமாகச் சமநிலை பார்ப்பதென்று ஒப்புக்கொண்டன. சரியான முடிவு அது. ஆனால் அரசியல் அழுத்தம் வரும்போது பழைய கணக்கு மீண்டும் எழுந்துகொள்கிறது.

அவசர காலத்தில் இந்தப் பலவீனம் எப்படி வெளிப்படும் என்பதை 2023 காட்டியது. அந்த ஆண்டு மார்ச் 20 அன்று, உக்ரைனுக்கு 12 மாதங்களில் 10 லட்சம் பீரங்கிக் குண்டுகள் கொடுப்பதென்று ஐரோப்பிய ஒன்றியம் முடிவு செய்தது. அதே நாளில் முகமையின் கூட்டுக் கொள்முதல் திட்டத்தில் 17 உறுப்பு நாடுகளும் நார்வேயும் கையெழுத்திட்டன. ஆனால் 2024 மார்ச்சுக்குள் சுமார் 5,24,000 குண்டுகளே போய்ச்சேரும் என்று அப்போதைய உயர் பிரதிநிதி யோசப் பொரெல் அந்த ஆண்டு ஜனவரியில் சொல்ல வேண்டியிருந்தது. தொழிற்சாலைகளின் திறன் அமைதிக் காலத்துக்கு ஏற்றதாகச் சுருங்கியிருந்தது. வெடிமருந்துத் தூளுக்குத் தட்டுப்பாடு நிலவியது. ஐரோப்பாவுக்கு வெளியே வாங்கலாமா கூடாதா என்ற விவாதத்தில் விலைமதிப்பற்ற வாரங்கள் கரைந்தன. குண்டின் விட்டம் 155 மில்லிமீட்டர் என்பது பொதுவானது என்றாலும், எந்தக் குண்டை எந்தப் பீரங்கியில் எந்த வெடிமருந்துடன் சுடலாம் என்பது தனித்தனியாகச் சோதிக்கப்பட வேண்டியது. முகமையின் குற்றமாக இதை நான் பார்க்கவில்லை. பல பத்தாண்டுகளாகச் செய்யாமல் விட்ட ஒருமைப்படுத்தலை எந்த முகமையாலும் ஓராண்டில் ஈடுகட்ட முடியாது.

புதிய ஆயுதக் கொள்முதலில் 35 விழுக்காட்டையாவது கூட்டாகச் செய்ய வேண்டும் என்று உறுப்பு நாடுகள் 2007-இல் இலக்கு வைத்துக்கொண்டன. முகமை வெளியிட்ட கணக்கின்படி, 2021-இல் எட்டியது 18 விழுக்காடு. அதற்கு முந்தைய ஆண்டில் அது 11 விழுக்காடாக இருந்தது. பாதுகாப்பு நலனைக் காரணம் காட்டிப் பொதுக் கொள்முதல் விதிகளிலிருந்து விலகிக்கொள்ள ஒன்றியத்தின் ஒப்பந்தத்தில் 346-ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்தக் கதவு உண்மையான இரகசியங்களுக்காகத் திறந்து வைக்கப்பட்டது; உள்நாட்டு ஆலையைக் காப்பதற்காகவும் அது பயன்படுத்தப்பட்டு வந்திருக்கிறது.

இப்போது பணம் குறையில்லாமல் வருகிறது. 2025 மே 27 அன்று ஒன்றியம் சேஃப் என்ற பெயரில் 15,000 கோடி யூரோ வரை கடன் தரும் திட்டத்தை ஏற்றது. பொருளின் பாகங்களில் குறைந்தது 65 விழுக்காட்டின் மதிப்பு ஒன்றியம், நார்வே உள்ளிட்ட சில அண்டை நாடுகள், உக்ரைன் ஆகியவற்றிலிருந்து வர வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. குறைந்தது இரண்டு நாடுகள் சேர்ந்து வாங்க வேண்டும் என்பது இன்னொன்று. ஆனால் முதல் ஓராண்டுக்கு, அதாவது 2026 மே 30 வரை, ஒரே நாடு தனியாக வாங்கவும் அந்த விதி இடம் கொடுத்தது. அவசரம் எனக்குப் புரிகிறது. எல்லையில் போர் நடக்கும்போது காத்திருக்கச் சொல்ல முடியாது. இருந்தாலும் அந்த விலக்கு எனக்குக் கவலை தருகிறது. விமானங்களையும் கவச வண்டிகளையும் ஒரு முறை வாங்கினால் முப்பது, நாற்பது ஆண்டுகள் வைத்துப் பராமரிக்க வேண்டும். அந்த ஓராண்டில் தனித்தனி வடிவில் கையெழுத்தானவை அத்தனை காலமும் தனித்தனி உதிரிபாகங்களைக் கேட்கும். ஆகவே இந்தக் கடனில் வாங்கப்படும் ஒவ்வொரு பொருளைப் பற்றியும் செய்தி வரும்போது, எத்தனை நாடுகள் கையெழுத்திட்டன என்பதோடு, அவை ஒரே வடிவை ஏற்றனவா, சான்றளிக்கும் அதிகாரி யார், உதிரிபாகக் கிடங்கு ஒன்றா பலவா என்பவற்றையும் கேளுங்கள். இவை இரகசியங்கள் அல்ல. பெரும்பாலும் பொது அறிவிப்புகளிலேயே பதில் கிடைக்கும்.