கூரையில்லாத வீடும் காத்திருக்கும் கம்பியும்

கெய்ரோ போய் வந்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பூசாத செங்கல் சுவர், மேலே கூரை இல்லை, தூண்களிலிருந்து கம்பிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. கீழே குடித்தனம் நடக்கிறது. கட்டி முடித்தால் வரி வரும், அதனால்தான் என்றார் வழிகாட்டி. நிஜமா?"

இந்த வரிக் கதையை கிரீஸிலும் சொல்வார்கள், மெக்சிகோவிலும் சொல்வார்கள். எல்லா ஊரிலும் ஒரே கதை என்றாலே எனக்குச் சந்தேகம்தான். காசு சேர்ந்தபோது ஒரு மாடி, மகனுக்குக் கல்யாணம் என்றால் இன்னொன்று எனக் கட்டுகிறவர்கள் கம்பியை வெட்டிவிட்டால் அடுத்த தூணை எதோடு பிணைப்பது? மெக்சிகோவில் இவற்றுக்குப் பெயரே 'நம்பிக்கைக் கம்பிகள்'. கிரேக்கர்கள் 'காத்திருப்புகள்' என்கிறார்கள். இருக்கிற தளமே கூரை. கெய்ரோவில் ஆண்டு முழுக்கப் பெய்தாலும் 30 மில்லிமீட்டர் தேறுவது அபூர்வம்.

நீளத்துக்கும் கணக்கு உண்டு. புதுக் கம்பியைப் பழையதோடு ஒட்டி வைத்துக் கட்டி காங்கிரீட் ஊற்றுவார்கள். பிடி இறுக, கம்பியின் விட்டத்தைப் போல 40, 50 மடங்கு நீளம் சேர்ந்திருக்க வேண்டும். 16 மில்லிமீட்டர் கம்பிக்கு ஏறக்குறைய முக்கால் மீட்டர்.

சரி, பத்து வருடம் வெளியில் நின்றால் துருப்பிடிக்காதா? பிடிக்கும். ஆனால் அதே கம்பி ஒரு சாண் கீழே, காங்கிரீட்டுக்குள், துருவே இல்லாமல் இருக்கும். இத்தனைக்கும் உள்ளேயும் ஈரமுண்டு, ஆக்சிஜனுண்டு. சிமெண்ட் தண்ணீரோடு சேரும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. துளைகளில் தேங்கிய நீரின் பி.எச். 12.5-க்கு மேல். அந்தக் காரத்தில் இரும்பு தன்மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஓர் ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. துருவும் ஆக்சைடுதான், ஆனால் இது உதிராமல் ஒட்டி நின்று காக்கிற ஜாதி.

எதிரி, நாம் விடும் மூச்சிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு. அது மெல்ல நுழைந்து காரத்தைச் சுண்ணாம்புக் கல்லாக்கிவிடும், பி.எச். 9-க்குக் கீழே இறங்கினால் போர்வை கிழியும். இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். புதிதாக உடைத்த காங்கிரீட்டில், பள்ளி ஆய்வகத்தில் பார்த்த பினாப்தலீனைத் தெளியுங்கள். உள்பக்கம், காரம் மிச்சமிருப்பதால், பளீரென்று ரோஜா நிறம். வெளி ஓரத்தில் மட்டும் நிறமே மாறாத ஒரு விளிம்பு. அந்த விளிம்புதான் காற்று தின்ற ஆழம். அது நேரத்தின் வர்க்கமூலப்படி வளர்கிறது: 10 ஆண்டில் 10 மில்லிமீட்டர் என்றால், 20-ஐத் தொட 40 ஆண்டு ஆகும். ஒரு சீசா மருந்தில் கட்டடத்தின் ஆயுளுக்கே ஜோசியம்!

விளிம்பு கம்பியைத் தொட்டதும் துரு ஆரம்பிக்கும். இரும்பைவிடத் துருவுக்கு இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் வேண்டும். இடமில்லாததால் காங்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்துவிடும்.

நீட்டி நிற்கும் கம்பியின் மேலே லேசாகத் துரு இருந்தால் பரவாயில்லை, தேய்த்துவிட்டுக் கட்டலாம். ஆனால் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் போனால்கூட 16 மில்லிமீட்டர் கம்பியின் வலுவில் 23 சதவீதம் காலி. மெக்சிகோவில் நுனியில் பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்து வைப்பதுண்டு. ஆனால் மழைநீர் கம்பியோடு வழிந்து தேங்குவது, அது காங்கிரீட்டிலிருந்து வெளியே வரும் கழுத்தில்.