முடித்தாயிற்று டீச்சர், அடுத்து?

பத்துக் கணக்கு கொடுத்தால், மற்றவர்கள் மூன்றாவதில் இருக்கும்போதே ஒரு பிள்ளை நோட்டை நீட்டும். பல ஆண்டுகள் நான் செய்தது ஒன்றுதான்: இன்னும் பத்துக் கணக்கு. அப்படி ஒரு பையன் சில வாரங்களில் வேகத்தைக் குறைத்துக்கொண்டான். சோம்பல் வந்துவிட்டது என்று நினைத்தேன். சீக்கிரம் முடித்தால் கூடுதல் வேலைதான் கிடைக்கும் என்று அவன் கண்டுகொண்டது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. கெட்டிக்காரன்தானே!

அப்புறம் டேப்லெட் வந்தது. மூலையில் உட்காரவைத்து ஒரு செயலியைக் கொடுத்தேன். அதே கணக்குகள், சரியாகப் போட்டால் நட்சத்திரம் மின்னும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது பாடம் தொடங்கும் முன்பே, அதிலுள்ள கடினமான ஐந்து கேள்விகளை கூகுள் படிவத்தில் எல்லோருக்கும் அனுப்புகிறேன். நான்கு சரியென்றால் அந்தப் பிள்ளைக்குப் பயிற்சிக் கணக்குகள் வேண்டாம். தெரிந்ததைச் சுருக்கி நேரத்தை மீட்கும் இந்த முறையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ஜோசப் ரென்சுலி. மீத்திறன் என்பது சராசரிக்கு மேலான திறமை மட்டுமல்ல, எடுத்த வேலையில் ஈடுபாடும் படைப்பாற்றலும் சேர்ந்தது என்று 1978இல் எழுதியவர் அவர். 'எல்லோருக்கும்' என்பதை அழுத்திச் சொல்கிறேன். டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புச் சிரமம் உள்ள பிள்ளைகளிலும் மீத்திறன் உண்டு. கேள்வியை ஒலியாகக் கேட்டு, பதிலைப் பேசிப் பதிவுசெய்ய விட்டால்தான் அது வெளியே தெரியும்.

சரி, மீட்ட நேரத்தில் என்ன செய்வது? ஒரு சிறுமிக்கு ஜியோஜீப்ரா என்ற வடிவியல் மென்பொருளைத் திறந்து, முக்கோணம் ஒன்றின் நடுக்கோட்டு மையம், செங்கோட்டு மையம், சுற்றுவட்ட மையம் மூன்றையும் குறிக்கச் சொன்னேன். "முனையை இழுத்துப் பார், எது மாறவில்லை?" இது மட்டுமே கேள்வி. விரிகோணமானதும் இரண்டு மையங்கள் முக்கோணத்தைவிட்டு வெளியே ஓடின. ஆனால் மூன்றும் ஒரே கோட்டிலேயே நின்றன. கணித மேதை ஆய்லர் 18ஆம் நூற்றாண்டில் கண்ட கோடு அது. பெயரை நான் சொல்லவில்லை. தானாகக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் உள்வட்ட மையத்தையும் சேர்த்துப் பார்த்தாள். அது பெரும்பாலும் கோட்டைவிட்டு விலகியே நின்றது. ஏன் என்று இரண்டு நாள் என்னைத் துளைத்தாள். காகிதத்தில் இத்தனை முக்கோணங்களை வரைந்து பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கும்?

மூன்றாம் நாள் வேறொரு கேள்வியோடு வந்தாள்: "சமபக்க முக்கோணத்தில் மூன்றும் ஒரே புள்ளியாகிவிடுகிறதே, அப்போ கோடு எங்கே போச்சு டீச்சர்?" அதைப் பெரிய திரையில் போட்டு வகுப்பையே கேட்டேன். முதலில் பதில் சொன்னது, முன்தேர்வில் ஒன்றே ஒன்று சரியாகப் போட்டிருந்த பையன்.