ஏழு சாண் குச்சிக்குத் தலையே பிரதானம்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பழைய சாமான்களோடு கிடந்த பூல் கியூ (பில்லியர்ட்ஸ் வகை ஆட்டத்தில் பந்தை அடிக்கும் குச்சி) ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கினேன். யார் செய்தது, எங்கே செய்தது என்று எதுவும் எழுதியில்லை. பந்தின் நடுவில் அடித்தால் நேராகப் போகிறது. சுழற்சி கொடுக்க வலப்பக்கம் அடித்தால் பந்து இடப்பக்கம் விலகுகிறது. கோணல் கியூவிலா, என் கையிலா? இதைச் சரிசெய்து வைத்துக்கொள்ளலாமா, தூக்கிப் போட்டுவிடலாமா?"

தூக்கிப் போட வேண்டாம். உங்கள் கையிலும் கோணல் இல்லை. உலகத்தில் உள்ள எல்லா கியூவும் பந்தை இப்படித்தான் விலக்கும். எவ்வளவு விலக்கும் என்பதில்தான் வித்தியாசம். அந்த வித்தியாசத்தைத் தீர்மானிப்பது பெயரோ, பிடியில் உள்ள வேலைப்பாடோ இல்லை. நுனியிலிருந்து ஒரு சாண் நீளம், அவ்வளவுதான். மலிவான கியூவைத் திருத்துவதில் இருக்கும் சந்தோஷமே அதுதான்: திருத்த வேண்டிய இடம் மிகச் சிறியது.

முதலில் கையில் இருப்பது என்ன என்று பார்த்துவிடலாம். பிடியில் கூர்கூராக மேலேறும் மர வேலைப்பாடு தெரிகிறதா? அதை பூதக்கண்ணாடியில் பாருங்கள். சிறு சிறு வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அது வார்னிஷுக்கு அடியில் ஒட்டிய அச்சுத்தாள். உண்மையாக மரத்தை வெட்டிப் பதித்திருந்தால் மர ரேகையே திசை மாறும். முன்பாதி, அதாவது ஷாஃப்ட், வெளிர் நிறத்தில் வழவழப்பாக, துளைகள் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால் பெரும்பாலும் மேப்பிள். அம்பு முனைபோல் அடுக்கடுக்கான கறுப்பு ரேகைகள் இருந்தால் ஆஷ், ஸ்னூக்கர்காரர்கள் விரும்புவது. மெல்லிய சிறு கோடுகள் நெடுக ஓடும் வைக்கோல் நிற மரமாக இருந்தால் அது ராமினாக இருக்கலாம். மலிவான கியூக்களில் அது நிறையப் புழங்கியது. எதுவானாலும் பரவாயில்லை, நார் ஓட்டம் நேராக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ரேகைகள் ஷாஃப்ட்டின் நீளவாட்டில் ஓடாமல் பக்கவாட்டில் வெளியேறிப் போனால், அந்த மரம் ஈரக்காற்றுக்கும் வறண்ட காற்றுக்கும் நடுவே வளைந்துகொண்டே இருக்கும். மேப்பிள் முழு ஈரத்திலிருந்து முழுக்கக் காயும்போது குறுக்குவாட்டில் 5 முதல் 10 சதவீதம் வரை சுருங்கும். நீளவாட்டில் அரை சதவீதம்கூடச் சுருங்காது. நார் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அந்தப் பக்கத்தின் சுருக்கம் நீளத்திலும் கொஞ்சம் தலைகாட்டும், குச்சி வளையும். வளைந்த கியூவை ஒரு வாரம் தொங்கவிட்டால் நேராகிவிடும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். மரத்துக்குள் நடக்கும் இந்த இழுபறிக்கு முன்னால் அதன் சொந்த எடை ஒன்றுமே இல்லை.

நேராக இருக்கிறதா என்று பார்க்க எல்லாரும் கியூவை மேஜையில் உருட்டுவார்கள். நானும் உருட்டினேன். என்னுடைய பெயரில்லாத கியூ நுனியை ஆட்டிக்கொண்டு உருண்டது. வளைந்த குச்சி என்று முடிவுகட்டி மூன்று மாதம் மூலையில் சாத்திவைத்தேன். அப்புறம் ஒருநாள் இரண்டு பாதியையும் கழற்றித் தனித்தனியாக உருட்டியபோது இரண்டுமே நேராக ஓடின! குற்றவாளி நடுவில் இருந்தது. இணைப்பு முகத்தின் ஓர் ஓரத்தில் வார்னிஷ் வழிந்து உறைந்திருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் சிரிப்பு வரும். இணைப்பின் விட்டம் சுமார் 21 மில்லிமீட்டர். ஓரத்தில் 0.1 மில்லிமீட்டர் மேடு இருந்தாலே, 73 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் நுனி மூன்றரை மில்லிமீட்டர் விலகிவிடும். பிளேடு முனையால் சுரண்டினேன், ஐந்து நிமிட வேலை. மூன்று மாதம் வீண்.

சரி, கேள்விக்கு வருவோம்.

பந்தின் வலப்பக்கம் அடிக்கிறீர்கள். டிப், அதாவது கியூ நுனியில் உள்ள தோல் முனை, பந்தைத் தொட்டிருக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட், ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள்ளேயே பந்து முன்னே நகரத் தொடங்குகிறது, கூடவே சுழலவும் தொடங்குகிறது. மேலிருந்து பார்த்தால் கடிகாரமுள்ளுக்கு எதிர்த்திசையில். அப்படிச் சுழலும்போது, டிப் ஒட்டிக்கொண்டிருக்கும் புள்ளி முன்னே மட்டும் போவதில்லை, வலப்பக்கமாகவும் நகர்கிறது. டிப்பில் சாக் (உராய்வைக் கூட்டும் தூள்) பூசியிருப்பதால் அது வழுக்காது. பந்து அதையும் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். இழுக்கப்படும் கியூ நுனிக்கு நிறை உண்டு, அது சும்மா வருமா? பள்ளியில் படித்த மூன்றாம் விதிதான்: பந்து நுனியை வலது பக்கம் தள்ளினால் நுனி பந்தை இடது பக்கம் தள்ளும். உங்கள் பந்து இடப்பக்கம் விலகியது இதனால்தான். ஆட்டக்காரர்கள் இதை ஸ்குவர்ட் என்பார்கள், டிஃப்ளெக்ஷன் என்றும் சொல்வதுண்டு. கோணம் சில டிகிரிதான். ஆனால் 2 டிகிரி விலகல் என்பது ஒன்றரை மீட்டர் தாண்டும்போது 5 சென்டிமீட்டர். பந்தின் விட்டமே 5.7 சென்டிமீட்டர்தான்.

அப்படியானால் பக்கவாட்டில் தள்ளப்படும் நிறை எது? கியூ முழுவதுமா? முழு கியூ ஐந்நூறு கிராமுக்கு மேல். பந்து 165 கிராம் அளவில். அவ்வளவு கனமான ஒன்று பக்கவாட்டில் எதிர்த்து நின்றால் பந்து எங்கோ தெறித்துப் போயிருக்கும். போகவில்லை. ஏன் என்பதற்கான பதில்தான் இந்த விஷயம் முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்தது: கியூவின் பின்பாதிக்கு அடி விழுந்த செய்தியே பக்கவாட்டில் போய்ச் சேர்வதில்லை.

நுனியில் நடப்பதைப் பிடிக்குச் சொல்ல ஓர் அலை மரத்துக்குள் ஓடிப் போக வேண்டும். இரண்டு வகை அலைகள் இங்கே உண்டு. முன்பின்னாக அழுத்தும் அலை, மரத்தில் நொடிக்குச் சுமார் 4,000 மீட்டர் ஓடும். ஒரு மில்லிசெகண்டில் 4 மீட்டர். கியூவின் நீளம் 147 சென்டிமீட்டர் என்றால், அந்த அலை பிடியின் கடைசிவரை போய், திரும்பி நுனிக்கு வந்தும் நேரம் மிச்சமிருக்கும். அதனால் முன்னோக்கித் தள்ளும்போது முழு கியூவும் ஒன்றாகச் சேர்ந்து தள்ளுகிறது. மொத்த எடை அங்கே முக்கியம்.

பக்கவாட்டு வளைவு அப்படி ஓடாது. நீளமான கயிற்றைத் தரையில் போட்டு ஒரு முனையை உதறிப் பாருங்கள்; மேடு ஒன்று ஆடி அசைந்து போகும், மறுமுனை கொஞ்ச நேரம் அசையாமலே கிடக்கும். மெல்லிய மரக் கம்பியிலும் வளைவு அலை மந்தமானது. டிப் பந்தைத் தொட்டிருக்கும் அந்த ஒரு மில்லிசெகண்டில் அது 15 முதல் 20 சென்டிமீட்டர்தான் நகர்ந்திருக்கும். அதற்குள் பந்து புறப்பட்டுப் போய்விட்டது. பந்தின் பார்வையில், பக்கவாட்டில் கியூ என்பதே அந்த ஒரு சாண் குச்சிதான். மிச்சமுள்ள ஆறு சாணும் நடந்தது தெரியாமல் நிற்கிறது. எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பார்களே, இந்த ஏழு சாண் குச்சிக்கும் அதேதான்.

அந்த ஒரு சாண் எவ்வளவு கனம் இருக்கும்? 13 மில்லிமீட்டர் விட்டம், 18 சென்டிமீட்டர் நீளம், மேப்பிளின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.7 கிராம் என்று வைத்தால் சுமார் 17 கிராம். அதையே 12 மில்லிமீட்டருக்கு இழைத்தால் 14 கிராம். நிறை விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், ஒரே ஒரு மில்லிமீட்டர் குறைந்ததில் 15 சதவீதம் போய்விட்டது. இப்போது உங்கள் கியூவின் நுனியைப் பாருங்கள். திருகிப் பொருத்தும் டிப்பாக, பித்தளை வளையத்தோடு இருக்கிறதா? ஒரு கன சென்டிமீட்டர் பித்தளை எட்டரை கிராம். ஒரு சாண் மரத்தின் பாதிக் கனம், அதுவும் மிக மோசமான இடத்தில், உச்சந்தலையில்! 1990களிலிருந்து வந்த குறைந்த விலகல் ஷாஃப்ட்டுகள் செய்வதும் இதன் மறுபக்கம்தான்: நுனியைத் துளைத்து உள்ளே வெற்றிடம் விடுவது, ஃபெரூலை, அதாவது டிப்புக்கு அடியில் ஷாஃப்ட் நுனியை மூடும் உறையை, சிறிதாகவும் லேசாகவும் வைப்பது. நம்பிக்கை வராவிட்டால் கொஞ்சம் களிமண்ணை டிப்புக்குச் சற்றுக் கீழே உருட்டி ஒட்டி அடித்துப் பாருங்கள், விலகல் கூடும். அதே களிமண்ணை இரண்டடி தள்ளி ஒட்டுங்கள், ஒரு மாற்றமும் தெரியாது.

இந்த இடத்தில் ஒரு புலம்பல். புயல் எந்தப் பக்கம் சுழலும் என்று விளக்கும்போது கொரியோலிஸ் விசை என்று படித்திருப்பீர்கள். சுழலும் அமைப்புகளின் இயக்கம் பற்றிய ஆய்வுரையை கொரியோலிஸ் என்ற அந்த பிரெஞ்சுக்காரர் வெளியிட்டது 1835இல். அதே ஆண்டில் அவர் பில்லியர்ட்ஸ் ஆட்டத்தின் கணிதக் கோட்பாடு பற்றி ஒரு முழு நூலும் எழுதினார். பந்து, சுழற்சி, உராய்வு எல்லாம் அதில் உண்டு. பில்லியர்ட்ஸ் ஆராய நிதி வேண்டும் என்று இன்று ஒருவர் விண்ணப்பம் போட்டால், சமூகப் பயன் என்ன என்று கேட்டு முதல் பக்கத்திலேயே திருப்பி அனுப்புவார்கள். விளையாட்டாகத் தோன்றும் கேள்விக்கும் கனமான கேள்விக்கும் ஒரே மூளைதான் வேலை செய்கிறது என்பது நிதிக் குழுக்களுக்கு எப்போதுதான் புரியுமோ. இன்னொரு பக்கம், இவ்வளவு இயற்பியல் கையில் இருந்தும் ராசியான கியூ என்று தேடி அலைகிறவர்களைப் பார்த்தாலும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது. ராசி எல்லாம் அந்த 17 கிராமில்தான் இருக்கிறது.

வேலைக்கு வருவோம். ஷாஃப்ட்டில் உள்ள நசுங்கல்களை முதலில் எடுத்துவிடுங்கள். அங்கே மரம் தேய்ந்துபோகவில்லை, செல்கள் அமுங்கிக் கிடக்கின்றன. ஈரத் துணித்துண்டை வைத்து மேலே சூடான கரண்டியால் அழுத்தினால் ஆவி உள்ளே போகும். செல்களைப் பிணைக்கும் லிக்னின் இளகி, அமுங்கியது தானே எழும்பும். முதலில் உப்புத்தாள் போட்டுச் சமமாக்கிவிட்டு அப்புறம் ஆவி காட்டினால் அதே இடம் பிற்பாடு மேடாகும், ஆகவே வரிசை முக்கியம். நன்றாகக் காய்ந்தபின் 400, 600 என்று உப்புத்தாளை மெல்லியதாக்கிக்கொண்டே போங்கள். கையில் ஒட்டும் பழைய வார்னிஷ் போனாலே பாதி கியூ மாறிவிடும். மில்லிமீட்டர் கணக்கில் மெலிய வைப்பதை மட்டும் கடைசல் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள், கையால் தேய்த்தால் வட்டம் முட்டை வடிவமாகும். ஃபெரூலை மாற்றுவதும் அவர் வேலைதான்.

டிப்பை நீங்களே மாற்றலாம். பழையதை வெட்டி, பசையைச் சுரண்டி, இரண்டு முகமும் மட்டமாக இருக்கிறதா பார்த்து, சூப்பர்குளூ வைத்து அழுத்தினால் போதும். அந்தப் பசை உலர்ந்து இறுகுவதில்லை, பரப்புகளில் உள்ள துளி ஈரம் பட்டுத்தான் இறுகுகிறது. தோலின் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் கீறிவிடுங்கள். அடுத்து டிப்பின் வளைவு. அமெரிக்க நிக்கல் நாணயத்தின் வளைவுக்குச் செதுக்கச் சொல்வார்கள், அதன் ஆரம் 10.6 மில்லிமீட்டர். காரணம் இருக்கிறது. சாக் பூசிய தோலுக்கும் பந்துக்கும் இடையிலான உராய்வுக் கெழு 0.6 அளவில். அதாவது தொடும் கோணம் 30 டிகிரியைத் தாண்டினால் வழுக்கும், மிஸ்கியூ. 30 டிகிரி என்பது பந்தின் நடுவிலிருந்து ஆரத்தில் பாதி, 14 மில்லிமீட்டர். அந்த எல்லையில் அடிக்கும்போது நிக்கல் வளைவுள்ள டிப் அதன் மையத்திலிருந்து 5.3 மில்லிமீட்டரில் பந்தைத் தொடும். 13 மில்லிமீட்டர் டிப்பின் விளிம்பு இருப்பது 6.5இல், ஆக தோல்தான் படும், விளிம்பு படாது. தட்டையான டிப்பில் விளிம்புதான் படும். சாக்கும் கரும்பலகைச் சுண்ணாம்பு இல்லை. ஸ்பிங்க்ஸ், ஹாஸ்கின்ஸ் என்ற இருவர் 1897இல் காப்புரிமை பெற்ற சிலிகாக் கலவையின் வழிவந்தது.

உங்கள் கியூ எவ்வளவு விலக்குகிறது என்று அளக்க ஒரு கருவியும் வேண்டாம். வெள்ளைப் பந்தின் நடுவுக்கு நேராகக் குறி பார்த்து நில்லுங்கள். பிரிட்ஜ் கையை, அதாவது கியூவின் முன்பகுதியைத் தாங்கும் கையை, அசைக்காமல் பின்கையை மட்டும் இடப்பக்கம் நகர்த்துங்கள்; நுனி பந்தின் வலப்பக்கம் வரும், கியூ சற்று வலப்புறம் நோக்கும். இப்போது உறுதியாக அடியுங்கள். பந்து இடப்பக்கம் போனால் பிரிட்ஜை நுனிக்குக் கிட்டே கொண்டுவாருங்கள், வலப்பக்கம் போனால் தள்ளிவையுங்கள். ஏதோ ஒரு தூரத்தில் சாய்வும் விலகலும் ஒன்றையொன்று சரிக்கட்டி, பந்து முதலில் பார்த்த குறிக்கே போகும். நுனியிலிருந்து அந்தத் தூரம் எவ்வளவு நீளமோ, அவ்வளவு குறைந்த விலகல். பித்தளை நுனியோடு இருந்தபோது என் கியூவில் அது 22 சென்டிமீட்டர். லேசான ஃபெரூல் போட்டு 12 மில்லிமீட்டருக்குக் கடைந்தபின் 29. ஆகவே உப்புத்தாளை எடுக்கும் முன்பே ஒருமுறை அளந்து எங்காவது குறித்துவிடுங்கள், பிற்பாடு பழைய எண்ணைத் தேடினாலும் கிடைக்காது.